போகிற போக்கில் சொன்னது

விஜயகுமாரி என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஏம்பலத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் யாரும் தயாரில்லை. பால் ஊற்றுகிறவர் அவளைக் கம்ப்யூட்டர் டீச்சர் என்பார். எதிர்வீட்டுக்காரருக்கு அவள் ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குக் கணக்கு எழுதுகிறவள். மாமியார் தையலம்மாள் மட்டும் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"தெனம் வண்டிய எடுத்துகினு வில்லியனூருக்குப் போறியே, அங்க இன்னாதான்டி வேல?"

"ஒலகத்துல இருக்கிற டாக்டருங்க எல்லாம் ஆராய்ச்சி பண்ணி எழுதுறாங்க இல்ல அத்த, அதப் படிச்சுப் பாத்து, இது எதப் பத்துனதுன்னு பேர் போட்டு வைக்கணும். அப்பதான் நாளைக்கு வேற ஒரு டாக்டர் தேடுனா கைக்குக் கெடைக்கும்."

தையலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "போஸ்டாபீசுல கடுதாசி பிரிக்கிற மாரின்னு சொல்லேன்."

மாமியார் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. கடல் தாண்டி எங்கோ ஒரு பெரிய நூலகம். உலகத்து மருத்துவ இதழ்களில் வருகிற கட்டுரைகள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் தலைப்புச் சொற்கள் கொடுக்க வேண்டும். இதற்கென்று பிரம்மாண்டமான ஒரு சொல்தொகுதி இருக்கிறது. அதில் உள்ள சொல்லைத்தான் போடலாம், சொந்தச் சரக்குக்கு இடமில்லை. படித்தது மனிதர்களைப் பற்றியா விலங்கைப் பற்றியா, ஆணா பெண்ணா, எந்த வயது, கர்ப்பிணியா என்பதையும் குறிக்க வேண்டும். இத்தனையையும் தன் ஆட்களை வைத்தே செய்து கட்டுப்படியாகாத அந்த நூலகம் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டது. எடுத்தவர் அதை இன்னொருவருக்கு விட்டார். அவர் மற்றொருவருக்குக் கொடுத்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் அந்த வேலை வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் வந்து இறங்கியிருந்தது. மூளைக் கட்டியும் முடக்குவாதமும் அங்கே யூரியா வாடையில்தான் பிரிக்கப்பட்டன. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணம் ஆகிவந்து சும்மா இருந்த விஜயகுமாரி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அங்கே சேர்ந்தாள். அந்த மகள் இப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள்.

சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒன்றையும் விட மனசு வராது. கட்டுரையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனைக்கும் சொல் கொடுத்துவிடுவாள். ஒருமுறை இதய அறுவை செய்துகொண்ட ஒரு மூதாட்டியைப் பற்றிய கட்டுரை வந்தது. அந்த அம்மாள் தனியாக, ஒரு பூனையோடு வசிக்கிறாள் என்று அதில் ஒரு வரி. விஜயகுமாரி கடமை தவறாமல் 'பூனைகள்' என்று சேர்த்துவிட்டாள். நூலகத்துப் பக்கத்துப் பரிசோதகர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ஏதோ ஒரு கால்நடை மருத்துவர் பூனையின் இதயத்தைப் பற்றித் தேடினால் இந்தக் கிழவியல்லவா வந்து நிற்பாள்!

மேற்பார்வை பார்க்கும் அன்புராஜ் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ரகம் இல்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"விஜயா, எழுதுனவரு போற போக்குல ஒண்ணு சொல்லுவாரு. அத நாம எடுக்கக் கூடாது. எதப் பத்திப் பேச வந்தாரோ அத மட்டும் எடு. மிச்சத்த வுட்டுடு. வுடத் தெரியணும்மா, அதான் இந்த வேலயே."

பாஸிங் மென்ஷன் என்று அந்த ஆபீசில் அதற்குப் பெயர். பூனை விவகாரம் ஆறுவதற்குப் பல மாதம் ஆயிற்று. பக்கத்து நாற்காலிக்காரி ஜோஸ்பின் அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் மியாவ் என்பாள். ரோஷக்காரியான விஜயகுமாரி கற்றுக்கொண்டாள். எதை விடுவது என்று கற்றுக்கொண்டாள். கட்டுரையை ஒரு பார்வை பார்த்ததும் இது பேச வந்தது, இது போகிற போக்கில் சொன்னது என்று கண் தானாகப் பிரித்துவிடும். திரும்பி வரும் கட்டுரைகள் அவள் பெயரில் இல்லாமலே போயின. புதிதாகச் சேர்கிறவர்களை அன்புராஜ் அவள் பக்கத்தில் உட்காரவைத்தார். இப்போதெல்லாம் முதல் சுற்றை மெஷினே செய்துவிடுகிறது, இவர்கள் திருத்துவதோடு சரி. மெஷினும் கண்டதையெல்லாம் பொறுக்கிப் போடுகிறது. "இதுவும் மொத வருஷத்து விஜயாக்கா மாரியே கீது" என்று ஜோஸ்பின் சிரிப்பாள். விஜயகுமாரியும் சிரித்துக்கொண்டே வேண்டாததை அடித்துக்கொண்டு போவாள்.

வேலையை ஆபீசிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் பாக்கியசாலிகள். விஜயகுமாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதிலும் அவளுக்கு வாய்த்த புருஷன் தணிகைவேல் நல்ல பேச்சுக்காரன். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல் என்று சொந்த நிலத்தில் பாடுபடுகிறவன். கொல்லையில் நாள் முழுக்கப் பேசத் துணையில்லாமல் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மொத்தத்தையும் அவளிடம் கொட்டுவான். மோட்டார் ஓடவில்லை என்பதைச் சொல்ல, காலையில் பார்த்த நாரையிலிருந்து ஆரம்பிப்பான். நாரை வழியாகப் பக்கத்து நிலத்துக்காரரின் மருமகன் வருவார், அவர் வழியாகத் திருக்கனூர்ச் சந்தை வரும், சந்தை முடிந்துதான் மோட்டார்.

"இதுல முக்கியம் எது? அத மட்டும் சொல்லுங்க" என்பாள்.

"முக்கியம்னு ஒண்ணும் கெடயாது. நீ ஒண்ணும் எடுத்துக்க வேணாம், சும்மா காதுல போட்டுக்க" என்பான். கோபித்துக்கொள்ள மாட்டான். பெண்டாட்டி படித்தவள், டாக்டர்கள் எழுதுவதையே சரிபார்க்கிறவள் என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. டீக்கடையில் யாருக்காவது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று பேச்சு வந்தால், "நம்ம வூட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கயேன்" என்பான். அப்படித்தான் ஊரில் பாதிப் பேர் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் வர ஆரம்பித்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு வாங்கிப் படிப்பாள். அரை டாக்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. யாருக்குத்தான் பிடிக்காது?

போன மார்கழியில், மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்த நாட்களில், தணிகைவேல் கரும்புக்கொல்லை வாய்க்கால் கரையில் மண்டியிருந்த புதரை வெட்டிக்கொண்டிருந்தான். மழைக்கு அது இடுப்புயரம் வளர்ந்திருந்தது. வெட்டுவான், சாப்பாட்டு வேளைக்குச் சட்டையைக் கழற்றி விரித்து அங்கேயே சற்றுத் தலைசாய்ப்பான், எழுந்து மறுபடி வெட்டுவான். ஒருநாள் காலை, விஜயகுமாரி டிபன் பாக்ஸில் சோறு அமுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்று பேச ஆரம்பித்தான். மோட்டார் காயில் மறுபடியும் புகைகிறது. எலி கரும்பைக் கடித்துப் போடுகிறது. கரும்பு வெட்டுகிற ஆட்கள் பொங்கலுக்கு முன்னால் வரமாட்டார்களாம். பிறகு லுங்கியைச் சற்று இறக்கி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இந்த அரணாக்கயிறு வேற ஒரசி ஒரசி புண்ணாட்டம் ஆயிருக்கு. கருப்பா பொருக்குத் தட்டிகினு கீது. ஆனா வலி இல்ல."

"தேங்காண்ண தடவுங்க" என்றாள் அவள், பாக்ஸை மூடியபடி. திரும்பிப் பார்க்கவில்லை. அவன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போனான். அவள் வண்டிச்சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல் வந்தது. பனிக்கு வந்த காய்ச்சல் என்று மாத்திரை போட்டார்கள். தலை பிளக்கிறது, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உள்ளூரில் ஊசி போட்டதில் காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி மறுபடி ஏறியது. பேச்சுக்காரன் பேசாமல் கிடந்ததைப் பார்க்கத்தான் தையலம்மாளுக்குப் பயமாக இருந்தது. விஜயகுமாரி லீவு போட்டுவிட்டு அவனைக் காரில் ஏற்றி வில்லியனூர்ப் பக்கம் ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் நடுவயசுக்காரர். வெளியே கூட்டம் நின்றது. தணிகைவேலை ஸ்டூலில் உட்காரவைத்து, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"அது வந்து சார்..." என்று தணிகைவேல் இழுத்தான்.

இந்த ஆள் நாரையிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆவது? விஜயகுமாரி முந்திக்கொண்டாள். நடுவயது ஆண், விவசாயி. சில நாளாகக் காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு. தலைவலி, தசைவலி. இருமல் இல்லை, உடம்பில் தடிப்பு இல்லை. சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கிடையாது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில், அந்தந்தச் சொல் அந்தந்த இடத்தில் உட்காரும்படி சொன்னாள். தினமும் எழுதுகிற சொற்கள். ஒன்று கூடுதல் இல்லை, ஒன்று குறைவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஸ்டாஃப் நர்ஸா?"

"இல்ல சார். மெடிக்கல் ஜர்னல்ஸ்ல இண்டெக்ஸிங் பண்றேன்."

"ரொம்ப நல்லது. எல்லாரும் இப்பிடிச் சொன்னா எங்க வேல பாதியாயிடும்" என்று சிரித்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அதற்குமேல் தேட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரத்தத்தில் டெங்கு இல்லை என்று வந்தது. ஆனால் பிளேட்லெட் என்கிற தட்டணு குறைந்திருந்தது. ஏதோ வைரஸ் காய்ச்சல்தான், அட்மிட் பண்ணி டிரிப் போடலாம் என்றார். விஜயகுமாரி நிம்மதியாக வெளியே வந்து ஜோஸ்பினுக்குப் போன் செய்து, நல்ல டாக்டர், மரியாதையாகப் பேசுகிறார் என்று சொன்னாள்.

காய்ச்சல் விடவில்லை. கண் மஞ்சளித்தது. பிறகு ஒரு காலையில் அவன் மூச்சுக்குத் தவிக்க ஆரம்பித்தான். பேச வாயெடுத்தால் இரண்டு வார்த்தைக்குமேல் வரவில்லை. டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸ் வரவழைத்தார். வழி நெடுக விஜயகுமாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கை அவள் கையைப் பதிலுக்குப் பிடிக்கவில்லை. இவர் செத்துவிடுவார் என்று அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மணிபாரதி என்ற பெண் டாக்டர், நடையில் ஒரு மேஜை ஓரமாக நின்றபடி அவளிடம் விவரம் கேட்டாள். இளம் வயதுதான். கண்ணில் தூக்கமில்லை. விஜயகுமாரி மனப்பாடமாக இருந்ததை ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நடுவயது ஆண். காய்ச்சல். தலைவலி. தசைவலி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"அம்மா, இது எல்லாம் அவங்க குடுத்த சீட்டுலயே இருக்கு. இங்கிலீஷ் வேணாம். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரமா அவரு என்ன பண்ணாரு, எங்க போனாரு, வீட்ல என்ன பேசினாரு? நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

எதையும் விடாதே என்று இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. விஜயகுமாரி திணறினாள். தமிழில் ஆரம்பித்தாள். அவனைப்போலவே சுற்றிவளைத்துக்கொண்டு வந்தது. கரும்புக்கொல்லை, வாய்க்கால் கரைப் புதர், சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுப்பது. அடுப்படி வாசலில் வந்து நின்றது. மோட்டார் புகைந்தது, எலி கடித்தது, ஆள் கிடைக்காதது.

"அப்பறம், அரணாக்கயிறு ஒரசிப் புண்ணாயிருக்குன்னாரு. கருப்பா பொருக்கு... வலி இல்லன்னு..."

டாக்டரின் முகம் மாறுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. அது கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது மாதிரி, வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு. அக்குளில், தொடையிடுக்கில், இடுப்பில், துணியும் கயிறும் இறுக்குகிற இடத்தில். ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக் காய்ச்சல். எத்தனை கட்டுரைகளுக்கு இவளே தலைப்புச் சொல் கொடுத்திருக்கிறாள்! நோய்க்கு ஒரு சொல், அந்தப் பொருக்குக்கு ஒரு சொல், இந்தியாவுக்கு ஒரு சொல், நடுவயதுக்கு ஒரு சொல். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும் என்று ஒவ்வொரு கட்டுரையும் முடியும்.

டாக்டர் அதற்குள் உள்ளே ஓடியிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக விஜயகுமாரி பார்த்தாள். சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றை ஒரு நர்ஸ் விரலால் விலக்க, டாக்டர் குனிந்து பார்த்தாள். திரும்பி ஏதோ சொன்னாள். ஒருவர் மருந்தெடுக்க ஓடினார்.

வெளியே வந்த டாக்டர், "அதேதான். மருந்து ஆரம்பிச்சாச்சு" என்றாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாதவளாக, "நுரையீரல்ல, கிட்னியில எல்லாம் இறங்கியிருக்கு. கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பாப்பம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, மாடிப்படியில், விஜயகுமாரி காத்துக் கிடந்தாள். மகள் சேலத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்புராஜ் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜோஸ்பின் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். விஜயகுமாரிக்கு யார் பேச்சும் காதில் ஏறவில்லை. அவள் படித்த கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பிடத்தக்க முன்விவரம் எதுவும் இல்லை என்பது அந்த வாக்கியம். அதை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறாள், அதற்கெல்லாம் சொல் கொடுப்பதில்லை. அந்த விவரத்தைச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்டாட்டியோ தாயோ டாக்டருக்கு முன்னால் நின்றிருப்பாள். அவளிடம் ஒரு மனுஷன் முந்தின வாரம் ஏதோ சொல்லியிருப்பான். அவள் அதை முக்கியமில்லை என்று விட்டிருப்பாள். படிக்காதவள் விட்டால் அது அறியாமை. நான் படித்திருந்தும் விட்டேனே! தெரியாமலா இருந்தது எனக்கு? அவர் அதை நாலாவதாகச் சொன்னார், அதனால் விட்டேன். முதலில் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனோ என்னவோ. அதுகூட நிச்சயமில்லை என்று தோன்றியபோது, படிக்கட்டுக் கைப்பிடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

தணிகைவேல் சாகவில்லை. குழாய் போட்டு மூச்சு விட வைத்தார்கள். சிறுநீர் நின்று, டயாலிசிஸ் செய்து, ஒருவழியாக மறுபடி இறங்கியது. இன்றைக்கா நாளைக்கா என்று இருந்தவன் ஒருநாள் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்துத் தலையாட்டினான். பொங்கல் அவர்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது. வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாக இருந்தான். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கொல்லைப் பக்கம் இந்த வருஷம் போகவே கூடாது என்றிருந்தார்கள். மறுபடி பழைய தணிகைவேலாக ஆவானா என்று கேட்டதற்கு, ஆகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றாள் டாக்டர் மணிபாரதி.

ஊர் திரண்டு பார்க்க வந்தது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் குவிந்தன. வந்தவர்கள் எல்லோருக்கும் தையலம்மாளே கதை சொன்னாள். அவளுக்கு டாக்டர் சொன்ன ஒரே ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

"எம்மருமவதான் கண்டுபுடிச்சா. டாக்டரம்மாவே சொல்லிச்சு, உங்க மருமவ சொன்னதாலதான் மருந்து குடுத்தோம்னு. இவ மட்டும் சொல்லலன்னா எம்புள்ள இன்னிக்கு இல்ல."

"அதான் அரை டாக்டராச்சே!" என்றார்கள் வந்தவர்கள். சில பெண்கள் விஜயகுமாரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தன் பெண்ணை முன்னால் தள்ளி, அத்தையை மாதிரி நீயும் படிக்கணும் என்றாள். விஜயகுமாரி காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அடுப்படியில் நின்றுகொண்டு, வெளியே தன்னைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்பாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஆபீசுக்குத் திரும்பியபோதும் அதே கதை. அன்புராஜ் கைதட்டச் சொன்னார், எல்லோரும் தட்டினார்கள். உட்கார்ந்து முதல் கட்டுரையைத் திறந்தாள். மெஷின் கொடுத்திருந்த சொற்களில் இரண்டை அடிக்க வேண்டும். அடிக்க விரல் வரவில்லை. வெகுநேரம் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு பாதி நாளிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தணிகைவேல் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தோளில் ஒரு போர்வை. வெயில் நன்றாக அடித்தும் அவனுக்குக் குளிர் விடவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றி வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"அத்த எல்லாருகிட்டயும் நான்தான் காப்பாத்துனேன்னு சொல்லிகினு இருக்காங்க. அது பொய். அந்தப் புண்ணப் பத்தி நீங்க காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னீங்க. அடுப்படியாண்ட நின்னு சொன்னீங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கல. நர்ஸிங் ஹோம்ல எல்லாத்தயும் சொன்னேன், அத மட்டும் சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டு நாள்ல எழுந்து நடந்திருப்பீங்க. இந்தக் கொழா, டயாலிசிஸ் ஒண்ணும் இருந்திருக்காது. உங்கள இப்பிடி ஆக்குனது நான்தான்."

அவன் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். கோபமாக ஏதாவது சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்தாள். சொன்னால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"எனக்கு வாய் இல்லியா விஜி?" என்றான் மெதுவாக. மூச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேச்சு வந்தது. "அந்த டாக்டரு எங்கிட்டதான மொதல்ல கேட்டாரு. இடுப்புல இப்பிடி ஒண்ணு கீது சார்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ இங்கிலீசுல ஆரம்பிச்சிட்ட."

"ஐயோ..."

"இரு, சொல்லிடறேன். நீ எம்மாம் நல்லா பேசுன தெரியுமா? அவரு எழுதறத நிறுத்திட்டு உன்ன அண்ணாந்து பாத்தாரு. எனக்கு அப்ப காய்ச்சலே தெரியல. நம்ம வூட்டுக்காரி டாக்டருக்குச் சமமா பேசறாளேன்னு பாத்துகினே இருந்துட்டேன். நடுவுல நான் பூந்து, அரணாக்கயிறு, புண்ணுன்னு சொன்னா அசிங்கமா இருக்கும். உனக்குக் கொறச்சலாப் பூடும். அதான் வுட்டுட்டேன்."

விஜயகுமாரியின் கையிலிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவன் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் நடுங்குகிற கையை அவள் தலைமேல் வைத்தான். கஞ்சி ஆறிப்போகிறது என்று தையலம்மாள் உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.